ஒரு சுவரும் இருநூறு ரூபாயும்

புதிதாக வாங்கிய டெலிவிஷனைச் சுவரில் மாட்டுவதற்குக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டுமா, நாமே மாட்டிக்கொள்ளலாமா என்பது ஒரு தர்ம விசாரமா? "இதற்கெல்லாமா ஐயா கட்டுரை எழுதுவது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். முந்நூறோ ஐந்நூறோ போகிற விஷயம். கொடுத்துவிட்டால் தீர்ந்தது, கொடுக்க மனமில்லையென்றால் ஸ்டூலைப் போட்டு ஏறினால் தீர்ந்தது.

ஆனால் என் அனுபவத்தில் தர்ம சங்கடங்கள் அரிச்சந்திரனுக்கு வந்த மாதிரி சுடுகாட்டில் வந்து வழிமறிப்பதில்லை. காய்கறிக்காரியிடம் ஐந்து ரூபாய் பேரம், பாத்திரம் தேய்க்கிற அம்மாள் கேட்கும் ஒரு நாள் லீவு, ஆட்டோக்காரர் சொல்லும் அதிகப்படி இருபது ரூபாய் – இப்படிச் சில்லறை வேஷம் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. வந்த விருந்தாளி யாரென்று தெரியாமலே வாசலோடு அனுப்பிவிடுகிறோம். அதனால்தான் இந்தச் சில்லறை விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் எங்கள் கடலூருக்கு டெலிவிஷன் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கியது. சென்னைக்கும் எங்களுக்கும் சுமார் 180 கிலோமீட்டர். அந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பூமி உருண்டையாக இருக்கிறதே என்று நமக்காக அவை வளைந்து வருவதில்லை. ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் டெலிவிஷன் வாங்கியவர்கள் பெட்டியைக் காட்டிலும் கம்பத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். இரும்புக் குழாயோடு குழாயைத் திருகி, மொட்டை மாடிக்கு மேல் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். உச்சியில் மீன் முள்ளைப் போல அலுமினியக் குச்சிகள். யாகி, உடா என்ற இரு ஜப்பானியர்கள் 1926இல் உலகத்துக்குக் கொடுத்த உருவம் அது.

அந்தக் கம்பத்தை நிறுத்துவதற்கு எங்கள் தெருவில் யாரும் கூலி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவர் மாடியில் கம்பத்தைக் கட்டிப் பிடித்துத் திருப்புவார். ஒரு பையன் மாடிப்படியில் நின்று செய்தி கடத்துவான். கூடத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும்.

"இப்பத் தெரியுதா?"

"புள்ளி புள்ளியாத் தெரியுது!"

"இப்ப?"

"ஐயையோ, போச்சு! பழைய எடத்துக்கே திருப்பு!"

ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு டீ குடித்துவிட்டு, "பூஸ்டர் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தக் காட்சியைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இரும்புக் கம்பம் பக்கத்திலிருந்த மின்சாரக் கம்பியின்மேல் சாய்ந்திருந்தால், அதைக் கட்டிப் பிடித்திருந்தவர் கதி என்னவாயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாயவில்லை என்பது அதிர்ஷ்டம். சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமட்டும் அதில் இருந்தது. கம்பம் பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழுந்தால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கம்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவராக இருப்பார். விழுந்ததற்கு ஜவாப்தாரி யார் என்ற கேள்வி எழும்போது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

பிறகு கேபிள் வந்தது. கம்பங்கள் பழைய இரும்புக்குப் போயின. 2006இல் தமிழக அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கி, ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுத்தது. 14 அங்குலப் பெட்டி. குடிசையில்கூட ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் அது உட்கார்ந்துகொண்டது. முதுகு பெருத்த பழைய பெட்டி, வைத்த இடத்தில் இருக்கும். இப்போது வருகிற டெலிவிஷன் அப்படியில்லை. பலகையாக இளைத்துவிட்டது, அதற்குச் சுவர் வேண்டியிருக்கிறது. சுவர் என்றால் துளை. துளை என்றால் அதைப் போடுகிறவர். இங்கேதான் நம் பிரச்னை ஆரம்பமாகிறது.

சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் தங்கையின் வீடு. அவள் மாமனாரின் தகப்பனார் காலத்து வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர். மாப்பிள்ளை ஹைஸ்கூலில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முப்பதாயிரம் ரூபாய்க்கு 43 அங்குல டெலிவிஷன் வாங்கியிருந்தார்கள். நான் போயிருந்த அன்று மாப்பிள்ளை டிரில்லிங் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, சுவரில் பென்சிலால் நாலு புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், முப்பத்தஞ்சு வருஷம் பசங்களுக்கு நெம்புகோல் தத்துவம் நடத்தியிருக்கேன். ஒரு பொட்டியைச் செவுத்துல மாட்டறதுக்கு இன்னொருத்தன் வரணுமா?" என்றார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பேரப்புள்ள உக்காந்து பாக்கற எடம் அது" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையின் கட்சி இலேசானதல்ல. கஞ்சத்தனம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. கையால் ஒரு காரியமும் செய்யத் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது, பல்பு மாற்றவும் போன் செய்கிறான், காசைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதையே கௌரவம் என்று நினைக்கிறான் – இது அவர் வாதம். கடைசியாகப் பிரம்மாஸ்திரம் ஒன்றும் போட்டார்: "காந்தி தன் தலைமயிரைத் தானே வெட்டிக்கலையா?"

முதல் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எழுதுகிற கைக்கு ஒரு நீதி, இழைக்கிற கைக்கு ஒரு நீதி என்று ஆயிரம் வருஷமாக நடத்திவந்த நாடு இது. சுவரைக் கட்டியவனைச் சுவருக்கு வெளியே நிறுத்தினோம். அப்படிப்பட்ட ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதே ஸ்டூலில் வேறொருவரும் ஏறுகிறார். முப்பதாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கத் தயங்காதவர், அதை மாட்டுகிறவனுக்கு நானூறு என்றதும், "நாலு ஸ்குரூ முடுக்க நானூறா!" என்று துள்ளிக் குதித்து, தானே ஏறுகிறார். இவர் உழைப்பை மதித்து ஏறவில்லை. கைவேலையைக் கேவலம் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் அந்த வேலைக்கு மரியாதை இல்லை என்கிறார். மற்றவர் அதற்கு விலை இல்லை என்கிறார். என் மாப்பிள்ளை இந்த இரண்டாம் ரகமல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் ஸ்டூலில் ஏறுகிறபோது தாம் எந்த ரகம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி காந்தி விஷயத்துக்கு வருவோம். பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய நாவிதர் காந்திக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தி உடனே முடிவெட்டும் கருவியை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக வந்தது, பின்பக்கம் பாழாகிவிட்டது. கோர்ட்டில் நண்பர்கள் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். கழுத்துப் பட்டையைத் தாமே துவைத்து, கஞ்சி அதிகமாகி, அது கோர்ட்டில் உதிர்ந்துகொண்டே இருந்த கதையும் அங்கேயே இருக்கிறது. இன்னொன்றும் அங்கே இருக்கிறது. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அந்த நாவிதரை அவர் குறை சொல்லவில்லை. கறுப்பு மனிதருக்கு முடி வெட்டினால் அவருடைய வெள்ளை வாடிக்கைக்காரர்கள் போய்விடுவார்கள். நம் ஊரில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலை செய்ய நம் நாவிதர்களை நாம் விட்டோமா என்று கேட்டுக்கொள்கிறார்.

ஆனால் மாப்பிள்ளையிடம் நான் சொன்ன பதில் வேறு. "காந்தி கெடுத்தது அவரு தலையை, மாப்ளே. நீங்க ஸ்குரூ முடுக்கப் போறது உங்க தலைக்கு மேல இல்லியே."

என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் முடிச்சு இதுதான். 'என்னால் செய்ய முடியுமா?' என்று கேட்டுக்கொள்கிறோம். 'எவ்வளவு மிச்சமாகும்?' என்று கேட்டுக்கொள்கிறோம். நான் செய்வது தப்பிப்போனால் அது யார் தலையில் விழும் என்று கேட்டுக்கொள்வதில்லை. தன் தலைமுடி, தன் சட்டை, தான் குடிக்கும் காப்பி – இவற்றில் மனிதன் தாராளமாகத் தன் கைவரிசையைக் காட்டலாம். காட்டத்தான் வேண்டும். கெட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். சுவரில் மாட்டிய பலகை அப்படியில்லை. மாட்டிய அன்று அது விழுவதில்லை. அன்று எல்லாம் கச்சிதமாக நிற்கும். படம்கூட எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிவிடலாம். துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக் சுண்ணாம்புக் காரையில் மெள்ள மெள்ளத் தளர்ந்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து விழும்போது கீழே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யார் கண்டது?

மாப்பிள்ளை பௌதிகக்காரர், அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலகையை முன்னே இழுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரிக் கை வைத்த பிராக்கெட் வாங்கியிருந்தார். பலகை எட்டு ஒன்பது கிலோதான். ஆனால் சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுத்து நிறுத்தினால் மேல் ஸ்குரூக்களைப் பிடுங்கும் விசை பல மடங்காகும். அவர் முப்பத்தைந்து வருஷம் நடத்திய அதே நெம்புகோல்தான். கணக்கு அவருக்குத் தெரியும். அந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கு சொல்லாது.

"அப்போ மாட்டவே வேணாம், மேஜை மேல வச்சிடலாம்" என்றாள் தங்கை. அதுவும் அவ்வளவு சுலபமில்லை. முதுகு மெலிந்த இந்தப் பலகைகள் மேஜையில் இரண்டு சிறு காலில் நிற்கின்றன. குழந்தை பிடித்து இழுத்தால் முன்பக்கம் சாயும். டெலிவிஷனும் அலமாரியும் சாய்ந்து குழந்தைகள் இறப்பதைத் தடுப்பதற்கென்றே அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஒரு பிரசாரம் தொடங்கியது; சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள் என்பதே அதன் சாரம். ஆக, மாட்டினாலும் கேள்வி, மாட்டாவிட்டாலும் கேள்வி.

கடைசியில் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். மெஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். ஓரிடத்தில் 'டொக்'கென்றது, நாலு விரற்கடை தள்ளி 'தொப்'பென்றது. காதை வைத்துக் கேட்டார். பிறகு சுவிட்ச் போர்டைப் பார்த்து, "ஐயா, ஒயரு மேலேருந்து எறங்குதா, கீழேருந்து ஏறுதா?" என்று கேட்டார். மேலேயிருந்து இறங்குகிறது, எண்பதுகளில் ஒயரிங் மாற்றியபோது சுவரை வெட்டிக் குழாய் புதைத்தது. மாப்பிள்ளை போட்டிருந்த நாலு பென்சில் புள்ளிகளில் ஒன்று ஏறக்குறைய அந்தக் குழாயின் நேர்மேலே இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சுவருக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. மெஷினின் இரும்பு முனைக்கு அது தெரியாது.

"இந்தச் செவுத்துல வேணாங்கய்யா" என்றார் எலக்ட்ரீஷியன். "பூச்சு உட்டுப் போயிருக்கு. உள்ள கல்லு சந்துல வெறும் மண்ணாட்டம் இருக்கு, பிடிமானம் கெடைக்காது. பின்னாடி கட்டுனீங்களே, சிமெண்டு ரூமு, அங்க மாட்டிக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க. ஏணி எடுத்தாந்து போட்டுத் தரேன்." சொல்லிவிட்டுக் கிளம்பினார். தயங்கி நின்று, "வந்ததுக்கு ஒரு இருநூறு குடுங்க" என்றார்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு வெறும் சுவரைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. சற்றுத் தூரத்தில் கோயிலில் திரையை விலக்கிக் காட்டுகிறார்கள். உள்ளே உருவம் எதுவும் இல்லை, வெறும் வெளி. அதன்மேல் தொங்கும் பொன் வில்வமாலைதான் தெரிகிறது. அந்த வெற்றிடத்தைக் காண ஊர் ஊராக வந்து நிற்கிறார்கள். என் தங்கை வீட்டுக் கூடத்தில் சுவர் வெறுமையாக நின்றதற்கு இருநூறு ரூபாய் கேட்டதும் சண்டை வந்துவிட்டது.

சண்டை எலக்ட்ரீஷியனோடு அல்ல. மாப்பிள்ளை மரியாதையாகக் கொடுத்து அனுப்பினார். அவர் போனபின் என்னிடம் ஆரம்பித்தார்: "என்ன மச்சான் வேலை செஞ்சாரு? மெஷினைத் தொட்டாரா? ஒரு ஸ்குரூ போட்டாரா? தட்டிப் பாத்தாரு. எனக்குத் தட்டத் தெரியாதா?"

"தட்டத் தெரியும் மாப்ளே. கேக்கத் தெரியுமா?" என்றேன்.

இந்த இருநூறு ரூபாய்தான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. செய்த வேலைக்குக் கூலி கொடுக்க நமக்குத் தெரியும். செய்யாதே என்று சொன்னதற்குக் கூலி உண்டா? டாக்டரிடம் போகிறோம். அவர் நாடி பார்த்து, "உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்கிறார். பீஸைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வெளியே வருகிறோம். 'கத்தியையே எடுக்கவில்லையே, எதற்குப் பீஸ்?' என்று யாரும் கேட்பதில்லை. வக்கீல், "இந்தக் கேஸ் நிற்காது, போடாதீர்கள்" என்று சொன்னால் அதற்கும் கொடுக்கிறோம். படித்த மனிதர் சொல்லும் 'வேண்டாம்' விலை பெறுகிறது. கையால் உழைக்கிறவர் சொல்லும் 'வேண்டாம்' மட்டும் சும்மா கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

ரஸ்கின் 1860இல் எழுதிய நூலொன்றில் இதற்குப் பக்கத்தில் வந்து போகிறார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி படித்து, தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டதாகச் சொன்னாரே, அதே நூல்தான். நோய் வந்தால் யார் குறைந்த பீஸுக்கு வருவார் என்று ஏலம் போட்டு வைத்தியரைத் தேடுகிறோமா, தொழிலாளியிடம் மட்டும் ஏன் அந்த ஏலம் என்பது அவருடைய கேள்வி. திறமைசாலிக்கும் திறமையில்லாதவனுக்கும் ஒரே கூலி வைத்துவிட்டு, திறமைசாலியைத் தேர்ந்துகொள் என்பார். பொருளாதாரக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் சொன்னதெல்லாம் நடக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் பேரம் எதைக் குறைக்கிறது என்று பாருங்கள். ஐந்நூறு கேட்டவரை முந்நூறுக்கு இறக்கினோம் என்று வையுங்கள். ஸ்குரூ நாலும் இருக்கும்; மெஷினும் இருக்கும்; குறைவது அந்த ஐந்து நிமிஷத் தட்டல். அது போனது நம் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. கடலூர்ப் பக்கம் உப்புக்காற்று. சாதா இரும்பு ஸ்குரூ சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத ஸ்டீல் போட வேண்டும். அதுவும் பேரத்தில் போய்விடும்.

இன்னொரு வழியும் இருக்கிறதே, இலவசம்! பெட்டி வாங்கினால் கம்பெனி ஆளே வந்து இலவசமாக மாட்டிக் கொடுக்கிறார். பிராக்கெட்டுக்கு மட்டும் தனிக் காசு. மனிதன் ஏணியில் ஏறுவது எப்படி இலவசமாகும்? அவருக்கு யாரோ எங்கேயோ ஒரு தொகை வைத்திருக்கிறார்கள், நமக்குத் தெரியாது. பல இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. மாட்டினால் அந்தத் தொகை. மாட்டாமல் திரும்பினால் பெட்ரோல் செலவு அவருடையது. போகும்போது, "சார், அஞ்சு ஸ்டார் போடுங்க" என்று நம் போனைக் காட்டிக் கெஞ்சுகிறார். தொங்கினால்தான் சோறு என்ற நிலையில் இருக்கிற மனிதரிடம் போய், "இந்தச் சுவர் தாங்குமா?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அவரை நான் குறை சொல்லவில்லை. 'வேண்டாம்' என்று சொல்வதற்கு அவருக்கு இடமே வைக்கவில்லை. சிதம்பரத்து எலக்ட்ரீஷியன் இருநூறு ரூபாய் கேட்டாரே, அந்த இருநூறுதான் அவர் உண்மை பேசுவதற்கு ஆதாரம். அது கிடைக்காது என்று தெரிந்தால், அடுத்த வீட்டில் அவரும் தட்டிப் பார்க்காமல் மெஷினை எடுக்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஆளை வச்சாச்சு. நாளைக்கு விழுந்தா அவரைப் புடிக்கலாம், அதானே?" என்றார். அதுவுமில்லை. பலர் ஆள் வைப்பது இதற்காகத்தான். ஜவாப்தாரியை விலைக்கு வாங்கியாயிற்று என்ற நிம்மதிக்காக. ஒயர் மேலேயிருந்து இறங்குகிறது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதை அவர் சொல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனுக்குச் சுவருக்குள் பார்க்க ஞானக்கண் இல்லை. ஏணியின் காலைப் பிடித்துக்கொள்வது யார்? ஈரத் தரையைத் துடைப்பது யார்? மெயினை அணைப்பது யார்? 'மத்தியானம் மேட்ச், சீக்கிரம் முடிங்க' என்று அவசரப்படுத்தாமல் இருப்பது யார்? கூலி கொடுத்த பிறகும் பாதிப் பாரம் நம்மிடமே இருக்கிறது. மாப்பிள்ளையின் பௌதிகத்துக்கும் அங்கே இடமுண்டு. இரண்டு நாள் கழித்துப் பின்பக்கச் சிமெண்டு அறையில் மாட்டியபோது, ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவர் அவர்தானாம். கை வைத்த பிராக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிற சாதாரண பிராக்கெட் வாங்கி வந்தாராம். தங்கை போனில் சொன்னாள்.

இது வரைக்கும் விஷயம் எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. தெளிவில்லாத இடம் ஒன்று உண்டு. அது சுவரில் இல்லை. மொட்டை மாடியில் இருக்கிறது.

சுவரில் மாட்டும்போது ஆபத்து கீழே உட்கார்ந்திருக்கிறவருக்கு. மாடியில் டிஷ் மாட்டும்போது ஆபத்து ஏறுகிறவருக்கு. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் நான் ஏற மாட்டேன், எனக்குப் பயம். முந்நூறு ரூபாய் கொடுத்தால் இன்னொருவர் ஏறுகிறார். அவருடைய திறமைக்குக் கூலி கொடுக்கிறேனா, என் பயத்துக்குக் கூலி கொடுக்கிறேனா? பழகியவருக்கு அந்த விளிம்பு என்னைவிட அபாயம் குறைவு என்பது வாஸ்தவம். 2015இல் சிதம்பரம் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரங்களில் வேலை நடந்தபோது, அந்த உயரத்தில் நின்று வேலை செய்தவர்களைக் கீழேயிருந்து பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றியது, அவர்களுக்கு இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. கடலூரில் நிமிர்ந்து நின்ற மின்கம்பங்களை எண்ணிவிடலாம் என்று தோன்றியது. வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து கம்பம் கம்பமாக ஏறி எங்கள் இருட்டைப் போக்கினார்கள். அவர்கள் ஏறியிருக்கக் கூடாது என்று நான் சொன்னால், இருட்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். பழக்கம் ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் இடுப்பில் ஒரு கயிறும், காற்று அடங்கும்வரை காத்திருக்க நேரமும் கிடைத்தால்தான் அந்தப் பழக்கத்துக்கும் பலன் உண்டு. அந்தக் கயிறும் நேரமும் கூலியில் சேர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். திறமையை விலைக்கு வாங்கலாம். ஒருவர் தவறி விழக்கூடிய சாத்தியத்தை விலைக்கு வாங்க எனக்கு உரிமை கிடையாது.

இப்படிச் சொல்லிவிடுவது எனக்குச் சுலபம். ஐப்பசி மழையில் ஒரு நாள் கடலூரில் எங்கள் வீட்டு டிஷ் திரும்பிவிட்டது. போன் செய்ததும் ஓர் இளைஞர் வந்தார். தூறல் நிற்கவில்லை, கைப்பிடிச் சுவரில் பாசி வழுக்கியது. "தம்பி, இன்னிக்கு ஏறாதீங்க. வெயில் வரட்டும், நாளைக்கு வாங்க" என்றேன்.

"நாளைக்கு வந்தா இன்னிக்குக் காசு வராது சார். இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார்.

இன்று வந்ததற்கும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி, நூற்றைம்பது ரூபாயைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பையை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். அரை மணி கழித்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுக்கப் போனேன். தெருக்கோடி வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த விளிம்பில், அந்த மழைக்கோட்டு நின்றுகொண்டிருந்தது. கீழேயிருந்து யாரோ, "தெரியுது, தெரியுது! இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.